போத்தலில் செடி கொழுக்கிறது, மருந்து மட்டும் வரவில்லை: அறிகுறி பார்த்துப் பிழை தேடுவது

ஹப்புத்தளையில் பிற்பகல் மூன்று மணி தாண்டினால் பனிமூட்டம் கேட்காமல் வீட்டுக்குள் வந்துவிடும். அப்படியொரு பிற்பகலில்தான் ஆறு வாரம் பொத்திப் பொத்தி வளர்த்த வல்லாரைக் காலஸை (வெட்டின இடத்தில் இலையும் வேரும் இல்லாமல் புடைத்து வரும் கலத்திரள்) உலர்த்தி, மெதனோலில் ஊறவைத்து, மெல்லிய படலத் தகட்டில் (சாற்றில் இருப்பவற்றைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் தகடு) புள்ளி வைத்து ஓட்டிப் பார்த்தேன். பக்கத்துப் பாதையில் கொல்லையில் பறித்த சாதாரண வல்லாரை இலை. தகட்டில் நிறப்பொருள் தெளித்துச் சூடு காட்டியதும் கொல்லை இலைக்கு ஊதா நிறத்தில் ஒரு புள்ளி எழும்பி வந்தது. என் காலஸ் ஓடின பாதை வெறும் தகடு.

பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தண்ணிக்குள்ள கெடக்குற வல்லாரை சும்மா தழை. மேட்டுல, கல்லு இடுக்குல காயுறதுதான் கசக்கும். நீ அதுக்குச் சீனி வேற போட்டு வளக்குற."

அவருக்கு இழைய வளர்ப்பும் (செடியின் துண்டைக் கிருமியில்லாத போத்தலில், சத்துக் கரைசலான ஊடகத்தில் வளர்ப்பது) தெரியாது, ஏசியாற்றிகோசைட்டும் தெரியாது. ஆனால் சொன்னது சரி. வல்லாரையின் ஏசியாற்றிகோசைட், கொடிவேலி வேரின் பிளம்பகின், மரமஞ்சளின் பெர்பெரின் என்று நாம் தேடும் பெரும்பாலான சரக்குகள் செடி வளர்வதற்குத் தேவைப்படுபவை அல்ல. பூச்சி, பங்கசு, வரட்சி என்று ஏதாவது உரசினால் சமாளிக்கச் செடி செய்து வைத்துக்கொள்பவை. ஊவாப் பக்கம் யூலை முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காற்று அடிக்கும்போது கொழுந்து குறையும், ஆனால் அந்த மாதங்களின் தேயிலைக்குத்தான் வாசனையும் விலையும். அதே கதைதான் போத்தலுக்குள்ளும். வளர்ச்சி ஒரு வேலை, மருந்து செய்வது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே போத்தலில், ஒரே ஊடகத்தில், ஒரே நேரத்தில் எதிர்பார்ப்பதுதான் பாதிப் பிழைகளுக்கு வேர்.

கீழே உள்ளவை நான் மாட்டிக்கொண்ட வரிசையில் இல்லை, தேட வேண்டிய வரிசையில் இருக்கின்றன. இந்தியப் பக்கத்து நூல்களில் திசு வளர்ப்பு என்றிருக்கும், நான் நம் பள்ளிக்கூடத்துச் சொல்லான இழைய வளர்ப்பு என்றே எழுதுகிறேன்.

போத்தல் கலங்குகிறது, வெள்ளைப் பஞ்சு படர்கிறது

கிருமி புகுந்துவிட்டது. இதற்குத் தீர்வு எல்லா நூலிலும் இருக்கிறது, அதனால் மலைநாட்டுக்கே உரிய ஒரு காரணத்தை மட்டும் சொல்கிறேன். ஊடகத்தைக் கிருமி நீக்கக் குக்கரில் வைக்கும்போது 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நீராவி 121 பாகைக்கு வரும், 15 நிமிடம் போதும் என்று எழுதியிருப்பார்கள். அது கடல் மட்டத்துக் கணக்கு. குக்கரின் மானி காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே எவ்வளவு என்பதைத்தான். 1,400 மீற்றர் உயரத்தில் வெளிக்காற்றே மெலிந்தது என்பதால் முள் அதே 15 இல் நின்றாலும் உள்ளே வெப்பநிலை சுமார் 118 தான் வரும். மூன்று பாகைதானே என்று விடக்கூடாது, வித்திகளைக் கொல்ல அந்த மூன்று பாகைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். நான் இப்போது 25 முதல் 30 நிமிடம் வைக்கிறேன். நுவரெலியாவில் இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் கூட்டலாம். முக்கியமானது, மூடியின் நீராவித் துவாரத்தை அடைப்பதற்கு முன் உள்ளே இருக்கும் காற்று முழுக்க வெளியேற விடுங்கள், காற்று கலந்திருந்தால் மானி பொய் சொல்லும். நேரம் கூடும்போது சீனி கருகி ஊடகம் தேநீர் நிறத்துக்குப் போகும், அதனால் பெரிய குடுவையில் வைக்காமல் சின்னச் சின்னப் போத்தலாகப் பிரித்து வையுங்கள்.

இன்னொன்று, வல்லாரை ஈர மண்ணோடு ஒட்டிப் படர்கிற செடி. மேலே எவ்வளவு கழுவினாலும் உள்ளே பற்றீரியா இருக்கும். கொல்லையில் பறித்த கையோடு போத்தலில் போடாதீர்கள். ஒரு சட்டியில் நட்டு, மூன்று வாரம் கூரைக்குக் கீழே வைத்து, இலையில் படாமல் அடியில் மட்டும் தண்ணீர் விட்டு, புதிதாக வந்த ஓடுதண்டின் கணுவை வெட்டி எடுங்கள். என் இழப்பு பாதியாகக் குறைந்தது இதனால்தான், கிருமிநீக்கித் திரவத்தால் இல்லை.

வெட்டின துண்டு இரண்டு நாளில் கறுத்துப் போகிறது

மரமஞ்சள், கொடிவேலி போன்றவற்றில் இதுதான் முதல் சண்டை. காயத்திலிருந்து வடியும் பீனோல்கள் காற்றுப் பட்டுக் கறுத்து, துண்டைத் தானே நஞ்சூட்டிக் கொல்கின்றன. வெட்டும்போதே அசுக்கோபிக் அமிலக் கரைசலில் (லீற்றருக்கு 100 மில்லிகிராம் அளவு) போடுங்கள், முதல் வாரம் இருட்டில் வையுங்கள், கறுப்பு வளையம் தெரிந்தவுடன் அடுத்த போத்தலுக்கு மாற்றுங்கள். தூளாக்கிய கரியைச் சேர்க்கலாம் என்பார்கள். சேர்க்கலாம், தொடக்கத்தில் மட்டும். கரிக்கு எது நல்லது எது கெட்டது என்று தெரியாது, நீங்கள் போட்ட ஓமோனையும் அது குடிக்கும், பின்னால் செடி வெளியே விடும் சரக்கையும் குடிக்கும்.

நன்றாக வளர்கிறது, ஆனால் சரக்கே இல்லை

என் வெறும் தகட்டின் கதை இதுதான், இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதல் கேள்வி: அளந்தது சரியா? பழகின ஒருவர் மூலம் என் மாதிரிகளை ஓர் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன், எச்பிஎல்சி (சேர்வைகளைப் பிரித்து அளக்கும் கருவி) முடிவில் கொல்லை இலைக்கே 'இல்லை' என்று வந்தது. சம்பலுக்குப் பறிக்கிற வல்லாரையில் ஏசியாற்றிகோசைட் இல்லையென்றால் பிழை செடியில் இருக்க முடியாது. விசாரித்தால், வழக்கமான 254 நனோமீற்றர் அலைநீள ஒளியில் பார்த்திருக்கிறார்கள். இந்தச் சேர்வைக்கு அந்த ஒளியை உறிஞ்சும் அமைப்பே கிடையாது, 205 பக்கம் இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். அவர்கள்மேல் கோபமில்லை, நான்தான் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு தொகுதியோடும் கொல்லை இலை ஒன்றையும் அனுப்புகிறேன். அதில் வராவிட்டால் மற்றதைப் படிப்பதே இல்லை.

உலர்த்துவதையும் பாருங்கள். இந்தப் பனியில் முற்றத்தில் காயவைத்தால் மூன்று நாளானாலும் இலை துவண்டபடியே கிடக்கும். அதற்குள் இலையின் சொந்த நொதியங்கள் சேர்வையிலிருந்து சீனியைக் கழற்றத் தொடங்கிவிடும், நீங்கள் தேடுகிற புள்ளி வேறு இடத்துக்குப் போய்விடும். 40 பாகை அளவில், காற்றோட்டத்தோடு, ஒரே மூச்சில் உலர்த்துங்கள்.

அளவை சரி, ஆனாலும் இல்லை என்றால் இரண்டாவது கேள்வி: எந்த உறுப்பு? செடி இந்தச் சரக்கை எங்கே செய்கிறதோ அந்த உறுப்பைத்தான் வளர்க்க வேண்டும். வல்லாரையில் அது பெரும்பாலும் இலையில் இருக்கிறது. உருவமில்லாத காலஸுக்கு இலையும் இல்லை, இலையின் புத்தியும் இல்லை. காலஸை விட்டுவிட்டுத் தளிர் வளர்ப்புக்கு மாறினேன், எம்எஸ் என்ற வழக்கமான ஊடகத்தில் லீற்றருக்கு 1 மில்லிகிராம் பிஏபி (தளிர் எழுப்பும் சைற்றோகைனின் வகை ஓமோன்), அவ்வளவுதான், தகட்டில் புள்ளி வந்துவிட்டது. கொடிவேலிக்கு இது தலைகீழ், பிளம்பகின் வேரில் இருப்பதால் வேரைத் தனியாகத் திரவத்தில் வளர்க்க வேண்டும். நித்தியகல்யாணியில் வின்பிளாஸ்ரின் என்ற புற்றுநோய் மருந்தை எடுக்கலாமா என்று கேட்கிறவர்கள் அதிகம். அது இரண்டு துண்டுகள் இணைந்து உருவாவது. கதரந்தின் என்ற பாதியைக் கல வளர்ப்பில் எடுக்கலாம், விண்டோலின் என்ற மறுபாதியின் கடைசிப் படிகளுக்கு இலைக் கலங்களும் வெளிச்சமும் வேண்டும். அதனால் காலஸில் எத்தனை மாதம் தேடினாலும் கிடைக்காது.

நம் மலைக்கு இது புதிய பாடமும் இல்லை. ஹக்கலைத் தோட்டம் 1861 இல் தொடங்கியதே சிங்கோனாவுக்காகத்தான், தேயிலைக்கு முன்னால் இந்தச் சரிவுகளில் மலேரியா மருந்து விளைந்தது. அந்தச் சிங்கோனாவின் கல வளர்ப்பிலும் ஆய்வாளர்களுக்குக் கிடைத்த குயினைன் மிகக் குறைவு. பட்டையில் சேர்வதைப் பட்டை இல்லாமல் கேட்டால் அப்படித்தான்.

எல்லாவற்றுக்கும் இந்த விதி பொருந்தும் என்றும் எழுதிவிட முடியாது. ஜப்பானியர்கள் கொப்ரிஸ் செடியின் கலங்களில் பெர்பெரினை நன்றாகவே எடுத்திருக்கிறார்கள், அதிகம் தரும் கலங்களைத் திரும்பத் திரும்பத் தெரிந்தெடுத்து. ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும், ஆளணியும் வேண்டும்.

மூன்றாவது: ஓமோன். காலஸ் எழுப்ப 2,4-டி என்ற ஒட்சின் வகை ஓமோன் போட்டிருப்பீர்கள். அது 'பிரி, பிரி' என்று கலத்தை விரட்டும் சாமான், பல செடிகளில் மருந்துச் சரக்கை அமுக்கிவிடுகிறது. வளர்ந்து முடிந்ததும் அது இல்லாத ஊடகத்துக்கு மாற்றிப் பாருங்கள், அல்லது என்ஏஏ, ஐஏஏ போன்ற மென்மையான ஒட்சினுக்குப் போங்கள்.

சரக்கு இருக்கிறது, ஆனால் துளியூண்டு

இப்போதுதான் ஊடகத்தில் கை வைக்க வேண்டும். எம்எஸ் ஊடகம் 1962 இல் முரசிகேயும் ஸ்கூக்கும் புகையிலை இழையம் வேகமாக வளர்வதற்காகத் தேடிக் கண்டது. லீற்றருக்கு அமோனியம் நைத்திரேற்று 1,650 மில்லிகிராம், பொற்றாசியம் நைத்திரேற்று 1,900 மில்லிகிராம். விருந்துச் சாப்பாடு மாதிரி. விருந்து உண்டவன் மண்வெட்டி பிடிக்க மாட்டான்.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த உதாரணம் சிகோனின். ஜப்பானில் முரசாக்கி என்ற செடியின் வேரில் இருக்கும் சிவப்புச் சாயம், மருந்தும் அதுவே. நிலத்தில் வேர் முற்ற ஆண்டுக்கணக்கில் ஆகும். 1983 இல் மிட்சுயி நிறுவனம் அதைக் கல வளர்ப்பில் வணிக அளவுக்குக் கொண்டுவந்தது, உதட்டுச் சாயத்தில்கூடப் போட்டு விற்றார்கள். சூட்சுமம் இரண்டு தாங்கிகளில் இருந்தது. முதல் தாங்கியில் கலங்கள் பெருகும் ஊடகம், இரண்டாவதில் சரக்குச் செய்யும் ஊடகம். இரண்டாவதில் அமோனியம் கிடையாது, நைத்திரேற்று மட்டும், ஏனென்றால் அமோனியம் இருந்தால் சிகோனின் உருவாவதே நின்றுவிடுகிறது. செப்பின் அளவைக் கூட்டினார்கள், வெளிச்சத்தை மறைத்தார்கள். இந்த மூன்று மாற்றமும் முரசாக்கிக்குரியவை, உங்கள் செடிக்கு அப்படியே பொருந்த வேண்டும் என்று கட்டாயமில்லை. பொருந்துவது அந்த இரண்டு கட்ட யோசனை.

நான் செய்வது: நாலு வாரம் முழு எம்எஸ்ஸில் தளிரைப் பெருக்குகிறேன். பிறகு பாதிப் போத்தல்களை அமோனியம் நைத்திரேற்றை மூன்றில் ஒன்றாக்கிய ஊடகத்துக்கும், சிலவற்றைச் சீனியை லீற்றருக்கு 30 இலிருந்து 50 கிராமாக்கிய ஊடகத்துக்கும், மிச்சத்தைப் பழைய ஊடகத்துக்கே திரும்பவும் மாற்றுகிறேன். ஒரே நேரத்தில் இரண்டையும் சேர்த்து மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று தலையைச் சொறியாதீர்கள்.

தூண்டி போட்டேன், செடி செத்தது

ஊடகம் மாற்றியும் போதாதபோது அடுத்தது தூண்டி, அதாவது 'பூச்சி வந்துவிட்டது' என்று செடிக்குப் பொய்த் தந்தி அடிப்பது. மெதைல் ஜஸ்மோனேற்றுத்தான் அதிகம் பேசப்படுவது. வல்லாரையில் 100 மைக்ரோமூலர் போட்டு ஏசியாற்றிகோசைட் கூடியதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, யூ மரக் கலங்களில் பக்லிராக்செல் என்ற புற்றுநோய் மருந்தைக் கூட்டவும் இதுவே உதவுகிறது.

நானுஓயாவிலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினான். "அண்ணே, போட்டு ரெண்டே நாள்ல எல்லாம் மஞ்சளாப் போச்சு." எவ்வளவு போட்டாய் என்று கேட்டால் "ஒரு சொட்டு" என்கிறான். சொட்டு என்பது அளவு இல்லை. 100 மைக்ரோமூலர் என்றால் லீற்றருக்கு சுமார் 22 மில்லிகிராம்தான். ஒரு போத்தலில் 30 மில்லிலீற்றர் ஊடகம் என்றால் வெறும் 0.7 மில்லிகிராம் வரும், அதை நேரடியாக நிறுக்கவும் முடியாது, ஊற்றவும் முடியாது. 22.4 மில்லிகிராமை எடுத்து எதனோல் சேர்த்து மொத்தம் 1 மில்லிலீற்றர் ஆக்குங்கள், அதிலிருந்து 30 மைக்ரோலீற்றர் ஒரு போத்தலுக்கு, கணக்குச் சரியாக வந்துவிடும். குக்கரில் வைக்காதீர்கள், 0.22 மைக்ரோமீற்றர் வடியால் வடித்து, ஊடகம் ஆறிய பிறகு சேருங்கள். எதனோல் மட்டும் 30 மைக்ரோலீற்றர் போட்ட போத்தல் இரண்டு பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாற்றம் ஜஸ்மோனேற்றாலா சாராயத்தாலா என்று தெரியாது.

நேரமும் உண்டு. குட்டித் தளிருக்குப் போட்டால் வளர்ச்சி அங்கேயே நிற்கும். பெருகி முடித்து, வளர்ச்சி தணியத் தொடங்கும் கட்டத்தில் போடுங்கள். போட்ட பிறகு 3, 5, 7, 14 ஆம் நாள்களில் ஒவ்வொரு போத்தலைப் பலி கொடுத்து அளந்தால்தான் உச்சம் எப்போது என்று தெரியும். உச்சம் தாண்டினால் திரும்ப இறங்கும்.

ஜஸ்மோனேற்று விலை கூட. சலிசிலிக் அமிலம், கைற்றோசான், ஈஸ்ற் சாறு எல்லாம் மலிவான மாற்றுகள். ஈஸ்ற் சாறுதானே, கடையில் விற்கிற மார்மைட்டைப் போடலாமா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். வேண்டாம். அதில் இருக்கிற உப்புக்குச் செடி கருவாடு ஆகிவிடும். பாணில் பூசிச் சாப்பிடுங்கள்.

வீதம் கூடியது, கையில் வருவது குறைந்தது

இது அறிகுறி மாதிரியே தெரியாத அறிகுறி. விளங்குவதற்காக ஒரு கணக்கு. தூண்டி போடாத போத்தல்களில் லீற்றருக்கு 10 கிராம் உலர் நிறை, கிராமுக்கு 5 மில்லிகிராம் சரக்கு. மொத்தம் 50. தூண்டி போட்டதில் கிராமுக்கு 8 மில்லிகிராம், ஆகா என்று துள்ளுவோம், ஆனால் வளர்ச்சி அடிபட்டு உலர் நிறை 5 கிராம்தான். மொத்தம் 40. செலவும் செய்து, பத்தையும் இழந்திருக்கிறோம். எப்போதும் இரண்டு இலக்கத்தையும் எழுதுங்கள், கிராமுக்கு எவ்வளவு, லீற்றருக்கு எவ்வளவு என்று. ஈர நிறையில் கணக்குப் போடவே வேண்டாம், தூண்டி போட்ட செடி தண்ணீரை இழந்து சுருங்கியிருக்கும், சும்மாவே வீதம் கூடினது போலக் காட்டும்.

திரவ வளர்ப்பு என்றால் ஊடகத்தைக் கொட்டுவதற்கு முன் அதையும் அளங்கள். சில செடிகள் சரக்கை வெளியே விட்டுவிடும். தலிக்ற்றம் என்ற செடியின் கலங்கள் பெர்பெரினை ஊடகத்துக்குள்ளேயே தள்ளுவது தெரிந்த விஷயம்.

தளிர் கண்ணாடி மாதிரி ஊதி, நொறுங்குகிறது

சைற்றோகைனின் கூடிவிட்டது, அல்லது ஊடகத்தை உறையவைக்கும் அகர் குறைவு, அல்லது போத்தலுக்குள் ஈரம் அதிகம். இங்கே மூன்றாவதுதான் பெரும்பாலும். பகலில் லைற் எரியும்போது தட்டு சூடாகிறது, இரவில் அறை 12 பாகைக்கு இறங்குகிறது, தையில் அதற்கும் கீழே, விடியற்காலையில் போத்தல் சுவர் முழுக்க நீர்த்துளி. இரவில் சன்னல் பக்கத்துத் தட்டுகளுக்குத் தடித்த துணி போட்டேன், பிஏபியைப் பாதியாக்கினேன், மூடியில் காற்றுப் போகிற வடித்தாள் ஒட்டினேன். அடுத்த சுற்றில் சரியாகிவிட்டது. ஊதிப்போன தளிரில் சரக்கைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், அது பெரும்பாலும் தண்ணீர்.

ஆறு மாதம் தந்தது, இப்போது தருவதில்லை

கலவரிசைகள் மாற்றி மாற்றி வளர்க்க வளர்க்க மாறிப்போகும். வேகமாகப் பெருகுகிற கலம் மற்றதை முந்தும், சரக்குச் செய்கிற கலம் மெதுவானது, தோற்கும். நாமும் கொழுத்த துண்டையே பார்த்துப் பார்த்து அடுத்த போத்தலுக்கு எடுப்பதால் அதற்கு நாமே உடந்தை. தாய்ச்செடியைச் சட்டியில் உயிரோடு வைத்திருங்கள், எத்தனையாவது மாற்றம் என்று போத்தலில் எழுதுங்கள், பத்துக்கு மேல் போனால் புதிதாகத் தொடங்குங்கள். தளிரும் வேரும் காலஸை விட நிலையானவை. அக்ரோபற்றீரியம் ரைசோஜீன்ஸ் என்ற மண் பற்றீரியா மூலம் எழுப்பும் மயிர்வேர்கள் இன்னும் நிலையானவை, ஓமோன் இல்லாமலே வளரும். ஆனால் அது மரபணு மாற்றும் வேலை, முறையான ஆய்வுகூடத்தில் அனுமதியோடு செய்ய வேண்டியது, வீட்டு அறையில் கூடாது.

போன தடவை வந்தது, இந்தத் தடவை வரவில்லை, ஒன்றையும் மாற்றவில்லை

மாற்றியிருக்கிறீர்கள், எழுதவில்லை. எனக்கு ஒரு தடவை இரண்டு மாதம் இதில் போனது. தாய்ச்செடி, மருந்து, சீனி எல்லாம் அதேதான். கடைசியில் பழைய லைற் எரிந்து போய் வீட்டில் ஒருவர் வேறு குமிழ் மாட்டியிருந்தார், மஞ்சள் வெளிச்சம், பாதிப் பிரகாசம். லைற் மாற்றிய தேதி, தட்டு எண், இரவின் மிகக் குறைந்த வெப்பநிலை, கரண்ட் போன மணிநேரம், இந்த நாலையும் இப்போது கொப்பியில் எழுதுகிறேன். போத்தலில் மட்டும் பென்சிலால் எழுதி ஒட்டுகிறேன், மார்க்கர் மை ஸ்பிரிட் துடைக்கும்போது போய்விடும், அப்படி ஒரு காலையில் நாற்பது போத்தல்கள் பெயரில்லாமல் நின்றன.